தோற்ற பருவங்களுக்கும் வரலாறு உண்டு

பரணி இலக்கியத்தில் நாம் எளிதில் கடந்துவிடும் ஒரு மரபு உண்டு. பரணி வென்றவனைப் பாடுகிறது. ஆனால் தோற்றவர் பெயரையே தலைப்பாகத் தாங்குகிறது. செயங்கொண்டார் பாடியது குலோத்துங்கனின் வெற்றி. நூலின் பெயரோ கலிங்கத்துப்பரணி. ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணியும் அழிந்த தக்கன் பெயரால்தான் வழங்குகிறது. இதற்கும் முன்பே, வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்டு நாணி வடக்கிருந்த சேர மன்னனை, வென்ற கரிகாலனிடமே உயர்த்திச் சொன்னவர் வெண்ணிக்குயத்தியார். தோற்றவரை நினைவில் நிறுத்துவது நம் மொழிக்குப் புதிதன்று. நம் விளையாட்டு வரலாற்றெழுத்துக்குத்தான் அது இன்னும் கைவரவில்லை. வென்ற கோப்பைகளின் பட்டியலையே நாம் வரலாறு என்று கொள்கிறோம். கோப்பை வெல்லாத அணிக்கு வரலாறே இல்லை என்பது இதன் மறைமுகமான முடிவு.

இந்த முடிவைச் சோதித்துப் பார்க்க ரஞ்சிக் கோப்பையில் கேரள அணியின் கதை பொருத்தமானது. சக்குபள்ளம் போன்ற எல்லை ஊர்களில் வாழும் தமிழருக்கு இது அண்டை மாநிலத்தின் கதையன்று. தம் மாநிலத்தின் கதை.

முதலில் அணியின் எல்லையைப் பார்ப்போம். 1950களின் தொடக்கத்தில் ரஞ்சிக் களத்தில் இறங்கியது திருவிதாங்கூர்-கொச்சி அணி. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலச் சீரமைப்பில் கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தமிழர் கோரிய தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. அதுவரை சென்னை மாநிலத்தில் இருந்த மலபார், பாலக்காட்டையும் தலைச்சேரியையும் உடன்கொண்டு கேரளத்துக்கு வந்தது. இந்தப் புதிய நிலப்பரப்பின் பெயரில் 1957-58இல் கேரள அணி ஆடத் தொடங்கியது. நம் மலைப்பகுதியில் யார் எந்த மொழி பேசுகிறார் என்று கணக்கிட்ட அதே சீரமைப்புதான், யார் எந்த அணிக்கு ஆடுவார் என்பதையும் தீர்மானித்தது.

அதே 1957-58 பருவத்தில் போட்டியின் அமைப்பும் மாறியது. மண்டலத்துக்குள் ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆடும் முறை வந்தது. தென்மண்டலத்தில் கேரளத்துக்கு வாய்த்த எதிரணிகள் சென்னை, மைசூர், ஐதராபாத், ஆந்திரம். இவற்றில் சென்னையும் ஐதராபாத்தும் அதற்கு முன்பே கோப்பை வென்றவை. மைசூர் பின்னர் வெல்லவிருந்தது. ஆண்டுதோறும் இதே அணிகளைக் கடந்தால்தான் அடுத்த கட்டம். வலுக்குறைந்த அணி தன் நிலையொத்த அணிகளோடு ஆடி வளர்வதற்கு இந்த அமைப்பில் இடம் குறைவு. எனவே கேரளத்தின் தொடர் தோல்விகளை ஆட்டக்காரரின் திறமைக்குறைவாக மட்டும் படிப்பது பிழையான வாசிப்பு. அது ஓர் அமைப்பின் விளைவும்கூட.

வேறு காரணங்களும் உண்டு. வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில்தான் உள்நாட்டுப் போட்டிகள் தொடங்குகின்றன. கால்பந்து இளைஞரை ஈர்த்தது. 1973இல் கேரளம் சந்தோஷ் கோப்பையை முதன்முறை வென்றபின் அந்த ஈர்ப்பு இன்னும் பெருகியது. ஆனால் கிரிக்கெட் மரபே இல்லாத நிலம் என்றும் சொல்ல இயலாது. தலைச்சேரியின் ஆட்டமரபு பிரித்தானியர் காலத்தது. 1950களின் தொடக்கத்திலேயே திருப்பூணித்துறையில் பூஜா கிரிக்கெட் என்ற பெயரில், ஓவர்களை வரையறுத்து ஆடும் போட்டி நடந்தது.

தோல்விக் காலத்தின் பதிவேட்டை விரித்தால் இரண்டு எண்கள் கண்ணில் படும். ஒன்று 27. 1963-64 பருவத்தில் மைசூருக்கு எதிராகக் கேரளம் ஓர் இன்னிங்சில் எடுத்த மொத்த ஓட்டங்கள் அவ்வளவே. மற்றொன்று 262. 1959-60இல் பாலக்காட்டில் ஆந்திரத்துக்கு எதிராகப் பாலன் பண்டிட் ஆட்டமிழக்காமல் எடுத்தது. பாலக்காடு கேரளத்தோடு இணைந்து அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. 2007இல், அதே பாலக்காட்டில், ஸ்ரீகுமார் நாயர் ஆட்டமிழக்காமல் 306 எடுக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தச் சாதனை நின்றது. தோற்ற அணி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த இரண்டு எண்களும் அடங்கியிருக்கின்றன. நினைவில் எளிதாக எஞ்சுவதோ 27 மட்டுமே.

இந்த இழப்பின் கனத்தை ஒரு மனிதரின் வாழ்க்கையில் அளக்கலாம். கால்சுழல் பந்துவீச்சாளர் கே. என். அனந்தபத்மநாபன் முதல்தர ஆட்டங்களில் 344 விக்கெட் எடுத்தார்; இந்திய அணிக்கு ஒருமுறையும் ஆடவில்லை. அவர் பந்துவீசிய ஆண்டுகள் அனில் கும்ப்ளேயின் ஆண்டுகள். ஒரே வகைப் பந்துவீச்சு, ஒரே காலம், இடமோ ஒன்று. கேரள அணியிலிருந்து இந்திய டெஸ்ட் அணிக்கு முதலில் சென்றவர் டினு யோகன்னான், ஆண்டு 2001. கேரளம் என்ற பெயரில் ஆடத் தொடங்கி நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அது நிகழ்ந்தது.

உலக அரங்கிலும் இணைகள் உண்டு. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் கொலம்பியா பல்கலைக்கழகம் 1983 முதல் 1988 வரை 44 ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. டெக்சசிலுள்ள கருப்பின மக்களின் கல்வி நிறுவனமான பிரேரி வியூ 1989 முதல் 1998 வரை தொடர்ந்து 80 ஆட்டங்களில் தோற்றது. ஒன்று செல்வமும் புகழும் மிக்க பல்கலைக்கழகம். மற்றது பணப் பற்றாக்குறையால் 1990ஆம் ஆண்டுப் பருவத்தையே கைவிட்டது. எண்களை மட்டும் அடுக்கினால் இரண்டும் ஒரே வகைத் தோல்வியாகத் தெரியும். காரணங்களைக் கேட்டால்தான் இரண்டும் வெவ்வேறு வரலாறுகள் என்பது புலப்படும்.

கேரளக் கதையின் பிற்பகுதி விதர்ப்பத்தோடு பின்னிப் பிணைந்தது. விதர்ப்பமும் 1957-58இல்தான் அப்பெயரில் ரஞ்சிக் களம் புகுந்தது; அதுவும் மாநிலச் சீரமைப்பில் இடம் மாறிய நிலம்; அறுபது ஆண்டுகள் கோப்பையின்றி இருந்ததும் ஒப்பு. 2017-18இல் கேரளம் முதன்முறை காலிறுதியை எட்டியது; விதர்ப்பத்திடம் 412 ஓட்ட வேறுபாட்டில் தோற்றது. விதர்ப்பம் அந்தப் பருவத்தில் முதல் கோப்பையை வென்றது. 2018-19இல் வயநாட்டுக் கிருஷ்ணகிரியில் அரையிறுதி. கேரளம் 106, 91, விதர்ப்பம் 208. இன்னிங்சும் 11 ஓட்டமும் தோல்வி. ஆட்டம் இரண்டே நாளில் முடிந்தது.

மூன்றாம் சந்திப்பு 2025இல் நாகபுரியில், இறுதி ஆட்டம். அதற்குக் கேரளம் வந்த வழி விந்தையானது. காலிறுதியில் ஜம்மு-காஷ்மீரைவிட முதல் இன்னிங்சில் 1 ஓட்டம் கூடுதல்: 281க்கு 280. அரையிறுதியில் குஜராத்தைவிட 2 ஓட்டம் கூடுதல்: 457க்கு 455. கடைசி விக்கெட்டில் அடிக்கப்பட்ட பந்து, அருகில் நின்ற சல்மான் நிசாரின் தலைக்கவசத்தில் பட்டு எழுந்து, அணித்தலைவர் சச்சின் பேபியின் கைக்குள் விழுந்தது. இறுதி ஆட்டத்தில் விதர்ப்பம் 379, கேரளம் 342. சச்சின் பேபி 98இல் ஆட்டமிழந்தார். ஆட்டம் சமனில் முடிய, 37 ஓட்ட முன்னிலையால் கோப்பை விதர்ப்பத்துக்குச் சென்றது.

அந்தப் பருவத்தில் கேரளம் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. ஒரு பருவம் முழுதும் தோற்காத அணி கோப்பையை இழந்தது. இதைத் ‘தோல்வி’ என்ற சொல் குறிக்குமா? ‘சமன்’ குறிக்குமா? பதிவேடு சமன் என்கிறது. பட்டியல் இரண்டாமிடம் என்கிறது. ஆனால் 412, இன்னிங்சும் 11, 37 என்ற மூன்று எண்களையும் வரிசையாக வைத்துப் படிப்பவருக்கு அங்கே ஒரு வளர்ச்சி தெரியும். கோப்பைகளை மட்டும் எண்ணும் வரலாற்றில் மூன்றுக்கும் மதிப்பு ஒன்றுதான்: சுழியம்.

1934இல் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், சேப்பாக்கத்தில், ஒரே நாளில் சென்னையிடம் சுருண்ட அணி மைசூர். பின்னாளில் கர்நாடகம் என்ற பெயரையும் சேர்த்து எட்டுக் கோப்பைகளை வென்றது அதுவே. தோல்வி ஒரு நிலத்தின் இயல்பன்று என்பதற்கு மைசூரும் விதர்ப்பமும் சான்று. அதன் காரணங்கள் காலத்துக்கு உட்பட்டவை, ஆகவே ஆராயத்தக்கவை.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இடுக்கி, பாலக்காட்டுப் பகுதிகளில் பழைய ஆட்டச் சீட்டுகள், கல்லூரி அணிகளின் நிழற்படங்கள், உள்ளூர்க் கழகங்களின் வரவு-செலவுக் குறிப்புகள் எவரிடமேனும் இருந்தால் அவற்றைப் படியெடுத்து வையுங்கள். ஆடியவர்கள் உயிரோடிருந்தால் அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். வென்றவர்களின் ஆவணங்களைக் காக்க நிறுவனங்கள் இருக்கின்றன. தோற்றவர்களுடையவை வீட்டுப் பரண்களில் கிடந்து கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன.