சாமர்செட் வழக்கு: தீர்ப்பும் உரையும்

பாஸ்டனிலிருந்து 1769இல் இலண்டனுக்குக் கொணரப்பட்ட அடிமை ஜேம்ஸ் சாமர்செட், 1771இல் தப்பியோடிப் பிடிபட்டார். ஜமைக்காவில் விற்கப்படும்பொருட்டுக் கப்பலில் விலங்கிடப்பட்டார். ஆட்கொணர்வு வழக்கை ஆராய்ந்த தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு, வெளிப்படையாக இயற்றப்பட்ட சட்டமன்றி வேறெதுவும் அடிமைமுறையைத் தாங்காது எனக் கூறி, 1772 ஜூன் 22இல் அவரை விடுவித்தார்.

இங்கிலாந்து மண்ணில் கால்வைத்த அடிமை அக்கணமே உரிமை பெறுவான் என்று 1765இல் எழுதிய சட்ட உரையாசிரியர் பிளாக்ஸ்டன், எசமானுக்குரிய ஊழியம் தொடரவுங்கூடும் எனப் பின்னர்த் திருத்தினார். தீர்ப்போ, அடிமையை வலிந்து நாடுகடத்தலாகாது என்பதோடு நின்றது. மக்கள் அதனை விடுதலைச் சாசனமாகவே கொண்டனர். ஆயினும் குடியேற்ற நாடுகளுக்கான ஒழிப்புச் சட்டம் 61 ஆண்டுகள் கழித்து, 1833இல்தான் பிறந்தது. அதுவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை விலக்கியே வைத்தது. இந்திய அடிமைக்குச் சட்டம் கண் திறந்தது 1843இல்.