சிறு பூநாரை

உலகில் உள்ள ஆறு பூநாரை இனங்களில் உருவத்தில் மிகச் சிறியதும் எண்ணிக்கையில் மிகப் பெரியதும் சிறு பூநாரைதான். நின்றால் 80 முதல் 90 செ.மீ. உயரம், எடை ஏறக்குறைய இரண்டு கிலோ. பிரெஞ்சு விலங்கியலாளர் ஜெஃப்ரா சான்-இலேர் 1798இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். கிழக்கு ஆப்பிரிக்காவில் மட்டும் 15 முதல் 25 லட்சம் பறவைகள் வாழ்வதாக மதிப்பிடப்பட்டுள்ளது. தென் ஆப்பிரிக்கப் பகுதியிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் சிறிய கூட்டங்கள் உண்டு. இந்தியாவில் இதன் தாயகம் குஜராத். கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் நாம் கூட்டம் கூட்டமாகப் பார்ப்பது பெரும் பூநாரை. சிறு பூநாரை அங்கே அரிதாகவே தென்படும்.

இரண்டையும் பிரித்தறிய அலகைப் பார்த்தாலே போதும். பெரும் பூநாரைக்கு அலகு வெளிர் இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சிறு பூநாரைக்கு அலகு முழுவதும் கருஞ்சிவப்பு. உணவும் வேறு. பெரியது சேற்றைக் கிளறி இறால் வகைகளையும் பூச்சிப் புழுக்களையும் தின்னும். சிறியது நீரின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்பாசியையே பெரும்பாலும் நம்பியிருக்கிறது. மருந்துக் கடைகளில் மாத்திரையாக விற்கும் ஸ்பைருலினாதான் அந்தப் பாசி. இறகின் சிவப்புக்கும் அதிலுள்ள நிறமிதான் காரணம்.

இந்த அலகை நுணுகி ஆராய்ந்தவர் பெனிலப்பி ஜென்கின் என்ற ஆங்கிலேய அறிவியலாளர். 1957இல் அவருடைய ஆய்வு வெளிவந்தது. பறவை தலையைக் கவிழ்த்து அலகை நீரில் வைக்கிறது. தடித்த நாக்கு பிஸ்டன் போல முன்னும் பின்னும் ஓடி நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் உள்விளிம்பில் நெருக்கமாக நிற்கும் மெல்லிய தகடுகளில் பாசி தங்கிவிடும். காற்று அடித்து அலை எழுந்தால் மேற்பரப்பில் மேய முடியாது. ஆகவே காற்று அடங்கிய இரவிலும் விடியலிலும்தான் பெரும்பாலும் இரை தேடுகிறது.

லட்சக்கணக்கில் இருந்த இந்தப் பறவை எங்கே கூடு கட்டுகிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை புதிராகவே இருந்தது. கென்யாவில் வேளாண்துறை அதிகாரியாக இருந்த லெஸ்லி பிரவுன் 1954இல் அந்தப் புதிரை அவிழ்த்தார். இடம், தான்சானியாவின் வட எல்லையில் உள்ள நேட்ரான் ஏரி. விமானத்திலிருந்து கூடுகளைப் பார்த்துவிட்டு, அருகில் போய்ப் பார்க்கும் ஆசையில் சேற்றில் நடந்தே கிளம்பினார். சோடா உப்புப் படிகங்கள் பூட்ஸுக்குள் புகுந்து கால்களை அரித்தன. கொப்புளங்கள் கறுத்துப் போயின. உயிர் பிழைத்துக் கரை சேர்ந்தவர் வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து தோல் ஒட்டு சிகிச்சை செய்துகொள்ள வேண்டியிருந்தது.

பிரவுனைப் புண்ணாக்கிய அதே சேறுதான் குஞ்சுகளுக்குக் காவல். வெயிலில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும் அந்தச் சோடாச் சேற்றைக் கடந்து கழுதைப்புலியோ நரியோ வருவதில்லை. பறவைகள் சேற்றைக் குவித்துக் கூம்பு வடிவில் மேடு கட்டி, உச்சிக் குழியில் ஒரே ஒரு முட்டை இடுகின்றன. மேட்டின் உச்சியில் சூடு குறைவு. ஏறத்தாழ நான்கு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். தாயும் தந்தையும் தொண்டைப் பகுதியில் சுரக்கும் சிவந்த பாலைக் குஞ்சின் வாயில் சொட்டுச் சொட்டாக ஊட்டும். சில நாட்களில் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கி ஆயிரக்கணக்கில் மந்தையாகத் திரியும்.

1962இல் நேட்ரானில் வெள்ளம் பெருகிக் கூடு கட்ட வழியில்லாமல் போகவே, பறவைகள் கென்யாவின் மகாடி ஏரிக்கு மாறின. அங்கே உப்பின் செறிவு மிக அதிகம். குஞ்சுகளின் கால்களில் சோடா படிந்து இறுகித் தண்டை போலப் பூட்டிக்கொண்டது. நடக்க முடியாமல் அவை சுருண்டு விழுந்தன. பிரவுனும் தன்னார்வலர்களும் படைவீரர்களும் சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தண்டைகளை உடைத்து ஆயிரக்கணக்கான குஞ்சுகளை விடுவித்தார்கள். மற்ற மந்தைகளை உப்புக் குறைந்த நீர்ப்பக்கம் ஓட்டிவிட்டார்கள். பறவைப் பாதுகாப்பு வரலாற்றில் இத்தனை கைவேலை கேட்ட மீட்புப்பணி வேறு சிலவே இருக்கும்.

லட்சக்கணக்கில் இருப்பதால் இந்த இனத்துக்கு ஆபத்தில்லை என்று எண்ணுவது பிழை. தவறாமல் கூடு கட்டும் இடங்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை: நேட்ரான், நமீபியாவின் எட்டோஷா, போட்ஸ்வானாவின் சுவா, குஜராத்தின் கட்ச் பாலை, அண்மை ஆண்டுகள் வரை தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி நகருக்கு அருகே உள்ள காம்பர்ஸ் அணையும். உலகின் சிறு பூநாரைகளில் முக்கால் பங்குக்கு மேல் நேட்ரானில் பிறந்தவை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை 'அச்சுறு நிலையை நெருங்கியது' என்ற பிரிவில் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காம்பர்ஸ் அணையில் 2006இல் பூநாரைகளுக்கென்றே ஒரு செயற்கைத் தீவு அமைக்கப்பட்டது. ஓரிரு ஆண்டுகளிலேயே அதில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் பொரித்தன. அணைக்கு வரும் நீரில் பெரும்பகுதி நகரத்துக் கழிவுநீர். அதன் வரத்து குறைந்து 2019 ஜனவரியில் நீர் வற்றியபோது, பெற்றோர் கைவிட்ட ஏறக்குறைய இரண்டாயிரம் குஞ்சுகளை ஆட்கள் எடுத்துப் போய் வளர்த்தார்கள். மும்பையிலும் பூநாரைகள் கழிவுநீரை அண்டியே இருக்கின்றன. தானே கழிமுகத்தில் கழிவுநீர் கலந்து பாசி பெருகியதும், 1990களிலிருந்து பூநாரைகள் அங்கே பெருந்திரளாக வரத் தொடங்கின. 2015இல் அது சரணாலயமாகவும் 2022இல் ராம்சார் தலமாகவும், அதாவது பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாகவும், அறிவிக்கப்பட்டது. ஆனால் அங்கே மேய்கின்றனவே தவிரக் கூடு கட்டுவதில்லை.

கென்யாவின் நகுரு, பொகோரியா ஏரிகளில் வேறு வகைச் சிக்கல். சில ஆண்டுகளாக மழைநீர் பெருகி ஏரிகள் விரிந்துவிட்டன. உவர்ப்பு நீர்த்துப் பாசி குறைந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் 22 ஏரிகளைச் செயற்கைக்கோள் படங்கள் வழியே ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. இரை உள்ள ஏரிகளைத் தேடிப் பறவைகள் பழக்கமில்லாத இடங்களுக்குச் சிதறுகின்றன.

நேட்ரான் 2001இல் ராம்சார் தலமானது. ஆனாலும் அதன் கரையில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் சோடா சாம்பல் எடுக்கும் ஆலைக்குத் தான்சானிய அரசு நிறுவனமும் டாடா கெமிக்கல்ஸும் சேர்ந்து திட்டமிட்டன. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2008இல் டாடா விலகியது. ஆலை வராவிட்டாலும் ஏரிக்கு நீர் வர வேண்டும். நேட்ரானை நிரப்பும் முதன்மை ஆறான தெற்கு எவாசோ இங்கிரோ, கென்யாவின் மாவ் மலைப்பகுதியில் உற்பத்தியாகி எல்லை தாண்டி வருகிறது. அங்கே காடு அழிந்தாலோ அணை எழுந்தாலோ ஏரியின் நீர்மட்டமும் உப்பும் மாறும். தான்சானியா தனியாக எத்தனை சட்டம் போட்டாலும் அதைத் தடுக்க முடியாது.