கதிரும் கதையும்

பாரீஸ் நகரத்தில் 1697ஆம் ஆண்டு சார்ல் பெரோ வெளியிட்ட சிறிய கதைத் தொகுதியின் முகப்புச் சித்திரத்தை நிதானமாக உற்று நோக்குகிறவருக்கு, உள்ளே இருக்கும் எட்டு வசன கதைகளில் ஒன்றையேனும் படிப்பதற்கு முன்பாகவே, தேவதைக் கதைகளின் பூர்வோத்தரம் பாதி விளங்கிவிடும். கணப்பில் தீ எரிகிறது. தீயோரமாக ஒரு பூனை குளிர் காய்கிறது. மூன்று பேர் ஒரு கிழவியின் முகத்தையே பார்த்தபடி கதை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சொல்லப்படுபவை தாய்வாத்தின் கதைகள் என்று கதவில் அறைந்த பலகை அறிவிக்கிறது. கிழவியின் கைகள் கதைக்காக ஓய்ந்துவிடவில்லை. அவள் நூற்றுக்கொண்டே சொல்கிறாள். புத்தகத்தை எழுதியவர் பிரெஞ்சு அகாதமியின் அங்கத்தினர், அரசாங்க உத்தியோகத்தில் நெடுங்காலம் இருந்தவர். ஆயினும் சித்திரத்தில் அவருக்கு இடமில்லை. கதை யாருடையது என்பதைச் சித்திரக்காரர் அறிந்திருந்தார்.

ஐரோப்பியத் தேவதைக் கதைகளில் பெண்மையின் குறியீடுகளாக வருபவற்றுள் கதிரும் நூலும் முதன்மையானவை. அவற்றின் உட்பொருளை இருபதாம் நூற்றாண்டின் மனோதத்துவ அறிஞர்கள் பலபடியாக விரித்துரைத்திருக்கிறார்கள். அவர்கள் கூறியவற்றில் உண்மை உண்டு. எனினும் அந்தப் பொருள் கதிருக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்ற சரித்திரத்தைக் கேளாமல் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வது, நெய்தவரை விசாரியாமல் புடவையின் கரையை மட்டும் வர்ணிப்பது போலாகும் என்பது என் துணிபு.

வட ஐரோப்பாவில் எளிய குடும்பங்களின் உடைக்கு ஆளிச்செடியின் நாரும் ஆட்டு உரோமமுமே ஆதாரம். ஆளியை வேரோடு பிடுங்கி, நீரில் ஊறப்போட்டு, தண்டின் சதை அழுகிய பின் உலர்த்தி, மரக்கட்டையால் நொறுக்கி, இரும்புப் பற்கள் பதித்த சீப்பில் மீண்டும் மீண்டும் இழுத்து வாரினால், கடைசியில் எஞ்சுவது பெண்ணின் கூந்தலைப் போன்ற வெளிர்பொன் நிற நார்க்கற்றை. அதை ஒரு கோலின் தலையில் சுற்றி வைத்துக்கொண்டு, விரல்களால் சிறிது சிறிதாக இழுத்து, எச்சிலால் நனைத்து, கதிரைச் சுழற்றி முறுக்கேற்ற வேண்டும். இழுப்பு ஒரு சீராக இல்லாவிட்டால் நூல் ஓரிடத்தில் தடித்து மற்றோரிடத்தில் இற்றுப்போகும். ஆதாரக் கல்விக் காலத்துப் பள்ளிகளில் தக்கிளி சுழற்றியவர்கள் இந்தத் துன்பத்தை நன்கு அறிவார்கள். ஒரு தறிக்குத் தடையின்றி நூல் கிடைக்கப் பல பெண்கள் நாள் முழுவதும் நூற்க வேண்டியிருந்தது. ஆகவே மாரிக்கால மாலைகளில் ஜெர்மானியக் கிராமத்துப் பெண்கள் விளக்குக்கும் விறகுக்கும் ஆகும் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரே வீட்டில் கூடி நூற்றார்கள். கை வேலை செய்ய, வாய் சும்மா இருக்குமா? ஊர்வம்பும் பாட்டும் பேய்க்கதையும் அரசகுமாரன் கதையும் அங்கே பிறந்து வளர்ந்தன. இளைஞர்களும் அங்கே வந்து சேர்ந்ததால் பாதிரிமார்களும் அதிகாரிகளும் அக்கூட்டங்களை அடிக்கடி கண்டித்தார்கள், தடையும் விதித்தார்கள்.

நூலுக்கும் சொல்லுக்கும் உள்ள இந்த உறவு நமக்குப் புதியதன்று. இழைக்கும் ஏட்டுக்கும் 'நூல்' என்ற ஒரே பெயரை வைத்தது நம் மொழி. பனுவல் என்ற சொல்லும் அப்படியே இரண்டையும் குறிக்கிறது. பஞ்சை இழையாக்கும் தொழிலையே நூலியற்றும் தொழிலுக்கு உவமையாகக் காட்டினார் நன்னூலார். புறநானூறு பேசும் பருத்திப் பெண்டிரும் அந்தக் கணப்போரத்துக் கிழவியும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள், தொழில் ஒன்றே.

கதிர் பெண்ணின் கையை விட்டு நீங்காததால் பெண்ணுக்கே அது பெயராயிற்று. ஜெர்மானியப் பழஞ்சட்டம் தந்தைவழி உறவினரை வாளின் பக்கம் என்றும் தாய்வழி உறவினரைக் கதிரின் பக்கம் என்றும் வகுத்தது. கிரேக்கர்களோ மனிதனின் ஆயுளையே நூலாக்கி, அதை நூற்கவும் அளக்கவும் அறுக்கவும் மூன்று தேவிகளை நியமித்தார்கள். பிறப்பும் இறப்பும் பெண்ணின் கை வழியாக வருகின்றன என்ற ஆதி அச்சமும் பக்தியும் அந்தக் கற்பனையில் ஒன்றாக முறுக்கேறியிருக்கின்றன.

ஹெஸ்ஸே நாட்டுக் காஸெல் நகரில் யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் என்ற சகோதரர்கள் தங்கள் கதைத் தொகுதியின் முதற்பாகத்தை 1812இலும் இரண்டாம் பாகத்தை 1815இலும் வெளியிட்டார்கள். ஜெர்மானியக் குடியானவரின் குடிசைகள்தோறும் அலைந்து அவர்கள் கதை திரட்டினார்கள் என்ற எண்ணம் இன்றும் பலருக்கு உண்டு. உண்மையில் அவர்களுக்குக் கதை சொன்னவர்களில் பலர் படித்த குடும்பத்து இளம்பெண்கள். மருந்துக்கடை வைத்திருந்த வில்ட் குடும்பத்துப் பெண்களும் ஹாஸன்ஃப்ளூக் சகோதரிகளும் அவர்களுள் முக்கியமானவர்கள். வில்ட் வீட்டு தோர்ட்சென் 1825இல் வில்ஹெல்மின் மனைவியானார். இரண்டாம் பாகத்துக்குப் பெருங்கொடை அளித்தவர் தொரொத்தேயா ஃபீமான். நெடுஞ்சாலைச் சத்திரக்காரரின் மகள், தையற்காரரின் மனைவி, நகரத்துக்கு வந்து காய்கறி விற்றவர். அவர் கதையை முதலில் இயல்பாகச் சொல்வார், பின்பு எழுதிக்கொள்பவருக்காக நிறுத்தி நிறுத்தி அதையே சொல்வார், இடையில் பிசகு நேர்ந்தால் உடனே திருத்துவார் என்று வில்ஹெல்ம் மதிப்போடு எழுதிவைத்தார். 1815இல் அம்மூதாட்டி காலமானார். 1819இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவருடைய உருவம் முகப்பை அலங்கரித்தது.

இந்த ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். நெப்போலியன் அறிவித்த பெரும் பரிசை உத்தேசித்து ஃபிலிப் த ஜிரார் ஆளிநாரை நூற்கும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றது 1810ஆம் ஆண்டு. பருத்தி நூற்பு இங்கிலாந்தில் அதற்கு முன்பே ஆலைக்குள் போய்விட்டது. கணப்போரத்துக் கதை புத்தகத்துக்குள் போன காலமும், கணப்போரத்துக் கதிர் ஆலைக்குள் போகத் தலைப்பட்ட காலமும் ஒன்றே. கை ஓய்ந்தால் வாயும் ஓய்ந்துவிடும் என்று சகோதரர்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

உறங்கும் அழகியின் விருத்தாந்தத்தை எடுத்துக்கொள்வோம். நேப்பிள்ஸ் நாட்டுப் பஸீலேயின் தொகுதி, அவர் மறைந்த பின் 1634க்கும் 1636க்கும் இடையே அச்சானது. அதில் கதை சொல்பவர்கள் பத்துக் கிழவிகள். அங்கே தாலியா என்ற பெண்ணின் நகக்கண்ணில் ஆளிநாரின் சிராய் ஏறுகிறது. அவள் சவம்போல் விழுகிறாள். அந்நிலையிலேயே ஓர் அரசனால் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயாகிறாள். பாலுக்குத் தவித்த குழந்தை அவள் விரலைச் சப்ப, சிராய் வெளிவந்து கண் விழிக்கிறாள். பெரோவின் கதையில் நூறாண்டு கெடு முடிய, அரசகுமாரன் முழந்தாளிட்ட அளவில் அவள் விழித்துக்கொள்கிறாள். முத்தம் கிரிம் சகோதரர்களின் கதையில் வருவது. குழந்தையின் பசி எழுப்பிய தாய், இரண்டு நூற்றாண்டுகளுக்குள் முத்தத்தால் எழும் கன்னியானாள். இந்த மாற்றத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒரு பேரிழப்பை நான் உணர்கிறேன். அரசனின் செயல் எத்தனை கொடியதாயினும், பஸீலேயின் பெண்ணை எழுப்புவது அவள் தன் உடலிலிருந்து ஈன்ற உயிர்.

கிரிம் கதையில் பதின்மூன்று ஞானப் பெண்டிர் இருக்கிறார்கள், அரசனிடம் பொற்றட்டுகள் பன்னிரண்டே, ஒருத்தி அழைக்கப்படவில்லை. கதிர் குத்தி அரசகுமாரி வீழ்வாள் என்று அவள் சபிக்கிறாள். நாட்டிலுள்ள கதிர்கள் அனைத்தையும் எரித்துவிடும்படி அரசன் கட்டளையிடுகிறான். பதினைந்தாம் வயதில் பெண் பழைய கோபுரத்தில் ஏறி, நூற்கும் கிழவியைக் கண்டு, துள்ளிச் சுழலும் இந்தப் பொருள் யாதென வினவித் தொடுகிறாள்; முனை விரலில் குத்த, உறக்கத்தில் ஆழ்கிறாள். மனோதத்துவ அறிஞர் புரூனோ பெத்தல்ஹைம் 1976இல் வெளியிட்ட நூலில், அந்த இரத்தத் துளி பெண் பூப்படைதலையே சுட்டுகிறது என்றும், நீண்ட உறக்கம் அப்பருவத்துக்குரிய உள்ளொடுக்கம் என்றும் விளக்கினார். மனோதத்துவ அறிஞர் யுங்கின் மாணவி மரீ லூயீஸ் ஃபொன் ஃப்ரான்ஸ் வேறொரு வழியே சென்றார். தேவதைக் கதைகளில் பெண்மை பற்றி அவர் ஸூரிக்கில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1972இல் நூலாயின. கதையில் வரும் பெண் உண்மையான பெண்ணின் அகத்தைக் காட்டுகிறாளா, ஆணின் மனத்தில் உறையும் பெண்ணுருவையா என்ற கேள்வியை அவர் முதலிலேயே எழுப்பினார். அழைக்கப்படாத கிழவியோ, சமயமும் சமூகமும் புறக்கணித்துவிட்ட தாய்த் தெய்வத்தின் இருண்ட பாதி என்பது அவர் கருத்து.

இரண்டு விளக்கங்களுள் பின்னையதே என் மனத்துக்கு நெருக்கமானது. ஆயினும் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: கதிர்களை எரித்தவன் தந்தை. மகளைக் காக்க எண்ணி, அவள் தாயும் பாட்டியும் அறிந்த ஒரே கைத்தொழிலை அவள் கண்ணிலிருந்தே அவன் மறைத்தான். நூற்றறிந்த பெண்ணின் விரலுக்குக் கதிர்முனை புதிதன்று. கதிரைக் கண்டிராத பெண்ணையே அது வீழ்த்துகிறது. நூற்கும் கூடத்திலிருந்து கேட்டவர்களுக்கு இதை எவரும் விளக்கியிருக்க வேண்டிய அவசியமில்லை.

ஹெஸ்ஸே மக்கள் போற்றும் ஹொல்லே அம்மையாரின் கதையிலும் இரத்தம் வருகிறது. மாற்றாந்தாயின் ஏவலால் கிணற்றோரம் நூற்று நூற்று விரல் கிழிந்த பெண், நூற்சுருளையில் படிந்த இரத்தத்தைக் கழுவக் குனிகிறாள், சுருளை நழுவிவிடுகிறது, அதை எடுக்கக் கிணற்றுக்குள் குதிக்கிறாள். அடியில் பூத்த புல்வெளியும், வெந்த ரொட்டி கூவியழைக்கும் அடுப்பும், பழுத்த ஆப்பிள் மரமும், பெரிய பற்களையுடைய ஹொல்லேயும் காத்திருக்கிறார்கள். அம்மையாரின் இறகு மெத்தையை அவள் உதறினால் பூமியில் பனி பெய்யும். நூற்பதில் சோம்பும் பெண்களின் நாரை ஹொல்லே சிக்காக்கிவிடுவாள் என்ற நம்பிக்கையும் அந்நாட்டில் இருந்தது. கிணற்றை உள்மனம் என்பார்கள் மனோதத்துவ அறிஞர்கள்; இருக்கட்டும். அங்கே உழைப்பு மதிக்கப்படுகிறது என்பதையும், மேலே இரத்தம் சிந்தியவளுக்குக் கீழே பொன்மாரி பொழிகிறது என்பதையும் கேட்ட பெண்கள் எவ்வளவு ஆசையோடு கேட்டிருப்பார்கள்!

ஆண்களின் பேனா இக்கதைகளில் செய்த திருத்தங்கள் பல. கிரிம் தொகுதியின் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் வெண்பனி என்ற பெண்ணைக் கொல்லத் துணிபவள் பெற்ற தாயே. 1819இல் அவள் மாற்றாந்தாயானாள். தாயின் புனிதம் காப்பாற்றப்பட்டது. தாயிடமும் பொறாமையும் சினமும் இருக்கும் என்ற பழைய அறிவு மறைக்கப்பட்டது.

திருத்தங்களுக்குப் பின்னும் நூற்றவர்களின் குரலைத் தெளிவாகக் கேட்பிக்கும் கதை ஒன்று உண்டு. நூற்க வெறுத்த பெண்ணை, அவள் சுறுசுறுப்பானவள் என்று தாய் சொன்ன பொய்யை நம்பி, அரசி அழைத்துச் சென்று நார் நிறைந்த மூன்று அறைகளைக் காட்டுகிறாள். அத்தனையும் நூற்றுவிட்டால் தன் மகனுக்கு மணமுடிப்பதாக வாக்களிக்கிறாள். அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் ஜன்னலுக்கு மூன்று கிழவிகள் வருகிறார்கள்: ஒருத்திக்கு ராட்டையை மிதித்து மிதித்து அகன்றுபோன பாதம், ஒருத்திக்கு நூலை நனைத்து நனைத்துத் தொங்கிப்போன உதடு, ஒருத்திக்கு முறுக்கி முறுக்கிப் பருத்துப்போன கட்டைவிரல். 'உன் திருமணத்துக்கு எங்களை அழைக்க வேண்டும். எங்களைப் பார்த்து வெட்கப்படக் கூடாது. அத்தை என்று சொல்லி உன் பந்தியில் உட்கார்த்திக்கொள்ள வேண்டும்' என்பதே அவர்கள் கேட்ட கூலி. பெண் வாக்கைக் காப்பாற்றினாள். மணப்பந்தலில் வந்து நின்ற மூவரையும் 'வாருங்கள், அத்தை' என்று வரவேற்றாள். மாப்பிள்ளை ஒவ்வொருத்தியின் குறையையும் கண்டு, காரணம் கேட்டு, பதிலறிந்து நடுங்கி, இனி என் மனைவி ராட்டையைத் தொடவே கூடாது என்று அங்கேயே ஆணையிட்டான்.