ஆண்ட்ராய்டு கைக்கணினியை ரூட் செய்தல்: ஆகாஷ் முதல் இன்று வரை

ரூட் செய்தல் என்பது ஆண்ட்ராய்டு கைக்கணினியிலோ (டேப்லெட்) கைப்பேசியிலோ தயாரிப்பாளர் பூட்டி வைத்துள்ள முழு நிர்வாக அதிகாரத்தைப் பயனர் தன் கைக்குக் கொண்டுவருவதாகும். ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ் கெர்னல். லினக்ஸில் 'ரூட்' எனப்படும் பயனர் எந்தக் கோப்பையும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். மேசைக் கணினியையோ மடிக்கணினியையோ வாங்குபவருக்கு இந்த அதிகாரம் பொதுவாக முதல் நாளே கிடைத்துவிடும். ஆண்ட்ராய்டில் கிடைப்பதில்லை. அங்கே ஒவ்வொரு செயலியும் தனிப் பயனராகத் தன் எல்லைக்குள் அடைக்கப்பட்டிருக்கும். கருவியின் உரிமையாளரும் ஏறத்தாழ அதே நிலையில்தான் இருக்கிறார்.

தொடக்கம்

முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியான டி-மொபைல் ஜி1 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த மாதமே ஒரு வேடிக்கையான பிழை வெளிப்பட்டது. விசைப்பலகையில் தட்டும் சொற்கள் திரையில் தெரிவதோடு நிற்காமல், பின்னணியில் ரூட் அதிகாரத்துடன் கட்டளைகளாகவும் நிறைவேறின. நண்பருக்கு எழுதும் செய்தியில் 'ரீபூட்' என்று தட்டினால் கைப்பேசி அணைந்து மறுபடி எழும்! கூகுள் உடனே பிழையைத் திருத்தியது. ஆனால் அதற்குள் ஆர்வலர்கள் அதே ஓட்டை வழியாக ரூட் அதிகாரம் பெற்றுவிட்டார்கள். 2009இல் ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய சயனோஜென்மோடு இந்த ஆர்வத்தின் விளைவே.

ஆகாஷும் ரூட்டும்

இந்திய மாணவர்களுக்குக் கைக்கணினி என்ற பெயரைப் பரப்பியது ஆகாஷ். 2011 அக்டோபர் 5 அன்று புதுடெல்லியில் அன்றைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் இதை அறிமுகப்படுத்தினார். டேட்டாவிண்ட் நிறுவனத் தயாரிப்பு. 7 அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம், ஆண்ட்ராய்டு 2.2. கூகுளின் செயலிக் கடை அதில் கிடையாது. 2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்ட ஆகாஷ் 2, ஆண்ட்ராய்டு 4.0உடன் ஓரளவு தேறியிருந்தது. மாணவர்களுக்கான மானிய விலை 1,130 ரூபாய்.

ஆகாஷ் 2 திட்டத்தை ஐஐடி மும்பையில் பேராசிரியர் தீபக் பாடக் வழிநடத்தினார். பாடம் படிக்கவும் காணொளி பார்க்கவும் மட்டுமல்லாமல், மாணவர்கள் அதிலேயே சி, பைத்தான், சைலேப் நிரல்கள் எழுதிப் பழக வேண்டும் என்று அவரது குழு விரும்பியது. அதற்கு ஆண்ட்ராய்டுக்குள் ஒரு முழு லினக்ஸ் சூழலைக் குடிவைக்க வேண்டியிருந்தது. அத்தகைய சூழலை அமைக்கும் 'சிஎச்ரூட்' என்ற கட்டளை ரூட் பயனருக்கே கீழ்ப்படியும். வெறும் பொழுதுபோக்குக்காரர்களின் குறும்பு என்று ரூட் செய்தலை ஒதுக்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மலிவான கருவியைக் கற்கும் கருவியாக்க, பூட்டைத் திறப்பது தேவையாக இருந்தது.

தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆண்ட்ராய்டின் ஆரம்பப் பதிப்புகள் பலவற்றில் தமிழ்ப் பக்கங்கள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. எழுத்துருக்கள் இருக்கும் கணினிக் கோப்புறையில் எழுத ரூட் அதிகாரம் வேண்டும். ரூட் செய்து தமிழ் எழுத்துருவைச் சேர்த்தவர்களுக்குக் கட்டங்கள் மறைந்தன. ஆனால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றது. எழுத்துகளைக் கோத்து அமைக்கும் பொறி இயங்குதளத்திலேயே இல்லாததுதான் காரணம். பலர் ரூட் பக்கம் போகாமல், ஓபரா மினி உலாவியின் அமைப்பில் பிட்மேப் எழுத்துருவை இயக்கித் தமிழ் படித்தார்கள். ஆண்ட்ராய்டு 4 வரிசையில் இச்சிக்கல் படிப்படியாகத் தீர்ந்தது.

சட்டம்

அமெரிக்காவில் 2010இல் கைப்பேசியின் பூட்டை உடைக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. 2012இல் கைக்கணினிக்கும் அதைக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். எது கைக்கணினி என்று வரையறுக்க முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். 2015இல்தான் அது கிடைத்தது. இந்தியாவில் 2012 பதிப்புரிமைத் திருத்தத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது.

ஆபத்துகள்

2011 மார்ச்சில் ஆண்ட்ராய்டு மார்க்கெட்டில் 50க்கும் மேற்பட்ட செயலிகளுக்குள் 'டிராய்டு டிரீம்' என்ற தீநிரல் ஒளிந்திருந்தது. ரூட் செய்ய ஆர்வலர்கள் பயன்படுத்திய அதே ஓட்டைகளை அது பயன்படுத்தியது. கூகுள் அச்செயலிகளைக் கடையிலிருந்தும் பயனர்களின் கருவிகளிலிருந்தும் தொலைவிலிருந்தே நீக்கியது. திறந்த கதவு வழியே யாரும் நுழையலாம் அல்லவா? ரூட் செய்த கருவியில் ஒரு தவறான செயலிக்கு அனுமதி கொடுத்தால், மற்றச் செயலிகளின் கடவுச்சொற்கள் வரை அதன் கைக்குப் போகும்.

அடுத்தது கருவியே செயலிழப்பது. பூட்லோடரைத் திறக்கும்போது பெரும்பாலான கருவிகளில் உள்ளே இருக்கும் படங்களும் கோப்புகளும் அழிந்துவிடும். வேறு மாதிரிக்கான கோப்பை ஏற்றினால் நிறுவனச் சின்னத்திலேயே திரை நின்றுவிடும். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு மாணவர் அப்படி நின்றுபோன கைக்கணினியைச் செல்போன் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் முதலில் பார்ப்பது மாடல் எண்ணைத்தான். அதற்குரிய சாஃப்ட்வேர் கோப்பு கிடைத்தால் பிழைக்கும். பெயர் தெரியாத மலிவுக் கருவிகளுக்கு அது கிடைப்பது அரிது. உத்தரவாதமும் கைவிட்டுப் போகும். சாம்சங் 2013 முதல் தன் நாக்ஸ் கருவிகளில் ஒருமுறை எரிந்தால் மீளாத மின்னணு அடையாளத்தை வைத்திருக்கிறது. பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் அது மறைவதில்லை.

மாறிய கணக்கு

2012இல் ரூட் செய்யக் காரணம் நிறைய இருந்தது. அவற்றில் பலவற்றை ஆண்ட்ராய்டே பின்னர் தன்னுள் சேர்த்துக்கொண்டது. திரைப்பிடிப்பு 4.0இல் வந்தது. மெமரி கார்டை உள்நினைவகம்போல் பயன்படுத்தும் வசதி 6.0இல் வந்தது. ஐஐடி மும்பை ரூட்டால் சாதிக்க முயன்ற நிரலாக்கப் பயிற்சியை இன்று டெர்மக்ஸ் செயலி ரூட் இல்லாமலே தருகிறது.

இழப்போ பெருகியிருக்கிறது. 2016இல் யுபிஐ வந்தபின் கைக்கணினியும் பணப்பையாகிவிட்டது. ரூட் செய்த கருவிகளில் பல வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கின்றன. 2016இல் வெளிவந்த மேஜிஸ்க், ரூட்டை மறைத்து வைக்க வழி செய்தது. கூகுளின் சோதனைகளும் அதற்கேற்பக் கடுமையாயின.

எஞ்சியிருக்கும் வலுவான நன்மை ஆயுள் நீட்டிப்பு. 2012இல் வந்த நெக்சஸ் 7 கைக்கணினிக்குக் கூகுள் ஆண்ட்ராய்டு 5.1உடன் புதுப்பிப்பை நிறுத்தியது. பூட்லோடரைத் திறந்தவர்கள் தன்னார்வலர்கள் தயாரித்த பிந்தைய பதிப்புகளை ஏற்றிக்கொண்டார்கள். குப்பைக்குப் போகவிருந்த கருவி, வங்கிக் கணக்கு எதுவும் இல்லாத ஒரு வாசிப்புப் பலகையாகப் பல ஆண்டுகள் உழைத்தது. பழைய கருவியில் இழக்க ஒன்றும் இல்லை. ரூட் செய்து கற்றுக்கொள்ள ஏற்றதும் அதுவே. பள்ளியோ அரசோ பயன்பாட்டுக்குக் கொடுத்த கருவி வேறு வகை. அதன் உரிமை கையில் வைத்திருப்பவருடையது அல்ல.

2025 மார்ச் 14 அன்று தமிழக நிதிநிலை அறிக்கையில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அவர்கள் விருப்பப்படி கைக்கணினி அல்லது மடிக்கணினி இரண்டு ஆண்டுகளில் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. மடிக்கணினியில் நிர்வாகிக் கணக்கு பொதுவாகப் பெட்டியைத் திறந்ததும் அமைந்துவிடும். கைக்கணினியில் அதற்கு ரூட் செய்துதான் ஆக வேண்டும்.