இங்குலிகம்: பெயரும் பொருளும் செய்முறையும்

தில்லியில் 1950களில் அயல்நாட்டுத் தூதரகங்களுக்கென உருவான சாணக்யபுரி, அருத்தசாத்திரத்தின் ஆசிரியராக மரபு போற்றும் சாணக்கியரின் பெயரைத் தாங்கியது. மைசூரில் சாமா சாத்திரி 1909ஆம் ஆண்டு பதிப்பித்த அந்நூலின் இரண்டாம் அதிகரணம், பொன்வேலையில் நிகழும் களவுகளை விரித்துரைக்கிறது. அணிகலனின் உள்ளே மணலும் இங்குலுகமும் கலந்த களியைச் சூடேற்றி நிலைபெறச் செய்து எடையைக் கூட்டும் வஞ்சகம் அவற்றுள் ஒன்று. பாதரசக் கந்தகையாகிய இங்குலுகத்தின் அடர்த்தி நீரைப்போல் எட்டு மடங்கு. மணலினுடையதோ ஏறத்தாழ இரண்டரை மடங்கே. களவுக்கு இது ஏன் உகந்தது என்பது இதனால் விளங்கும்.

தமிழில் இது இங்குலிகம், இலிங்கம், சாதிலிங்கம் எனப் பலவாறு வழங்குகிறது. இந்தியாவில் குறிப்பிடத்தக்க பாதரசச் சுரங்கம் இல்லாமையின், பாதரசமும் இலிங்கமும் வணிகத்தின்வழியே வந்து சேர்ந்தன. எனவே, செயற்கையாக ஆக்கும் 'வைப்பு' முறையைச் சித்த மருத்துவ நூல்கள் விரித்துக் கூறுவதில் வியப்பில்லை.

தூய்மை செய்த இரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்திலிட்டு அரைக்க, இரசத்தின் பளபளப்பு மறைந்து கரும்பொடி கிடைக்கும். அதனைச் சீலைமண் செய்த குப்பியில் இட்டு, மணல்மறைவில் வைத்து எரித்தால், ஆவியாகி எழுந்து கழுத்துப்பகுதியில் செந்நிறமாகப் படியும். நூறு பங்கு இலிங்கத்தில் இரசம் 86 பங்கு, கந்தகம் 14 பங்கு; செய்முறைகளில் கந்தகம் இதனினும் மிகுதியாகச் சேர்க்கப்படுவது, எரிந்து வெளியேறுவதையும் கருதியே எனலாம். கரும்பொடியும் செந்நிறப் படிவும் வேதியியலில் ஒரே சேர்மம். படிக அமைப்பே வேறு. 'கருமை செம்மையாதல்' என்பதை முன்னோர் உருமாற்றமாகக் கண்டதில் பிழையில்லை.

சிக்கல் பெயரில் உள்ளது. சிந்தூரம் என்னும் சொல் இலிங்கத்தையும், ஈயத்தாலான செம்பொடியையும் குறித்துள்ளது. செந்தூரமோ ஒரு மருந்து வகையின் பெயர். அயச்செந்தூரத்தின் அடிப்படை இரும்பேயாம். இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. முதல் நூற்றாண்டினரான உரோமானியப் பிளினி, 'இந்தியச் சின்னபாரி' எனப்பட்ட மரப்பிசினுக்குப் பதிலாக நஞ்சாகிய பாதரசக் கனிமத்தை மருத்துவர் வழங்கியதைக் கண்டித்துள்ளார். அப்பிசின் சொக்கோத்திராத் தீவில் மரங்களிலிருந்து எடுக்கப்பட்டதெனப் பெரிப்ளூசு கூறும். ஒரே பெயர் இரு பொருளுக்கு வழங்கியதன் விலையை நோயாளி கொடுத்தான்.

இன்றும் இது பழங்கதையன்று. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்புறுதி செய்தது. பாதரசப் பொருள்களைத் தடைசெய்யும் அதன் பட்டியல், மரபு, சமய வழக்கங்களில் பயன்படும் பொருள்களுக்கு விலக்கு அளிக்கிறது. விலக்குப் பெறுவது எப்பொருள் என்று முடிவுசெய்ய, நூலில் உள்ள பெயர் மட்டும் போதாது. இலிங்கம் நீரில் கரையாது, நைட்ரிக் அமிலத்துக்கும் எளிதில் இணங்காது; அதுபற்றி அது தீங்கற்றதென்று கொள்ளுதல் தவறு. குறையாக முடிந்த மருந்தில் தனி இரசம் எஞ்சியிருக்கக்கூடும்.

ஆகவே, சித்த நூல்களைப் பதிப்பிப்போர் 'சிந்தூரம்', 'இலிங்கம்' ஆகியவற்றுக்கு ஒரே பொருள் எழுதிச் செல்லாமல், அவ்விடத்துச் செய்முறையை நோக்கிப் பொருள்கொள்ள வேண்டும். ஈயச் சிந்தூரம் நீர்த்த நைட்ரிக் அமிலம் பட்டால் பழுப்பாகும்; இலிங்கம் சிவந்தே நிற்கும்.