தொடர்ச்சி கண்ட சரிவு: திருகோணமலைக் கடலும் ஆதர் கிளார்க்கின் இராமாவும்

திருகோணமலையின் வரலாறு பெரும்பாலும் அதன் துறைமுகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய அனைவரும் கப்பல்கள் ஒதுங்கி நிற்பதற்கு ஏற்ற ஆழத்தை நாடியே அங்கு வந்தனர். அவ்வாழத்தினுள் தாமே இறங்கிப் பார்க்க விரும்பியவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், பிற்காலத்தில் விண்வெளிக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆதர் சி. கிளார்க் ஆவார். அவர் எழுதிய சிறந்த நாவலொன்றும், அதன் தொடர்ச்சியாக வந்து வாசகரை ஏமாற்றிய நூலும், அவற்றிலிருந்து பிறந்த கணினி விளையாட்டும் ஒருங்கே நோக்கப்படவேண்டியவை. அந்நோக்கிற்குத் திருகோணமலைக் கடலே பொருத்தமான தொடக்கமாக அமைகின்றது.

1917இல் இங்கிலாந்தின் சமர்செற் பகுதியிற் பிறந்த கிளார்க், 1956இல் இலங்கையிற் குடியேறினார். அவரை இங்கு ஈர்த்தது கடலடி நீச்சலாகும். நீருள் மூழ்கியவனுக்கு உடற்பாரம் தோன்றுவதில்லை. விண்வெளியின் எடையற்ற நிலையை மண்ணுலகிலிருந்தே உணரத்தக்க வழி அதுவே என அவர் கருதினார். அதே ஆண்டில் அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுவாமி மலையின் அடியில் மூழ்கி ஆராய்ந்தனர். 1620களில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டையை எழுப்பினர் என்பதும், எஞ்சியவற்றிற் பல கடலுள் வீழ்ந்தன என்பதும் யாவரும் அறிந்ததே. அவ்வாறு வீழ்ந்த செதுக்குக் கற்களையும் தூண்களையும் அவர்கள் கடலடியிற் கண்டனர். 1957இல் வெளிவந்த ‘தப்ரபேன் கடற்பாறைகள்’ பற்றிய ஆங்கில நூலில் கிளார்க் இத்தேடலை விவரித்துள்ளார்.

இம்மூழ்கலுக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. அது எழுத்தாக வரவில்லை, திரைப்படமாக வந்தது. வில்சன் இயக்கி 1962இல் வெளியிட்ட ‘ரன்முத்து தூவ’ என்னும் படமே அது. சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப் படமாகிய அதில் திருகோணமலைக் கடலும், கடலடிப் புதையலைத் தேடும் கதையும் இடம்பெற்றன. மக்கள் அதனைப் பெரிதும் வரவேற்றனர். எனினும், மெய்யான கடலடியில் இருந்தவை பேசாத கற்கள். படத்தில் இருந்ததோ புதையல். கற்களைக் கண்டு வியப்பதோடு அமையாது, அவற்றுக்குப் பதிலாக ஒரு பொருளை வைத்துக் கதையை ‘நிறைவு’ செய்யும் ஆசை அப்பொழுதே தொடங்கிவிட்டது எனலாம்.

1973இல் கிளார்க் எழுதிய ‘இராமாவுடன் சந்திப்பு’ என்னும் நாவல் அவ்வாசைக்கு நேர்மாறானது. 22ஆம் நூற்றாண்டில் சூரிய மண்டலத்துள் புகும் பெரும் உருளை ஒன்றுக்கு, கிரேக்க, உரோமத் தெய்வப் பெயர்கள் தீர்ந்துவிட்டமையால், இந்து மரபிலிருந்து இராமா எனப் பெயரிடுகின்றனர். அதன் விட்டம் 20 கிலோமீற்றர்; நீளமோ 50 கிலோமீற்றருக்கு மேல். உள்ளே இருளும், உறைந்த கடலொன்றும், வீதிகளும், நகரம் போன்ற அமைப்புகளும் உள்ளன. கட்டியவர் எவரையும் காணோம். கட்டளைத் தளபதி நோர்ட்டனும் அவர் தம் குழுவினரும் சில கிழமைகளே அங்கு தங்க முடிகின்றது. இராமா சூரியனை நெருங்குவதால் அவர்கள் வெளியேறவேண்டியவராகின்றனர். மனிதரைப் பொருட்படுத்தாமலே இராமா தன் வழியே செல்கின்றது. யார் கட்டினர், எதற்காகக் கட்டினர், எங்கே செல்கின்றது ஆகிய எதற்கும் விடையில்லை.

இந்நாவலின் கட்டமைப்பு மூழ்குபவனின் அனுபவமே என்று கூறத் தோன்றுகின்றது. முதுகிற் கட்டிய காற்றுக் குடுவை தீருமுன் அவன் மேலெழ வேண்டும். விளக்கின் ஒளி எட்டும் வரைதான் காட்சி. தூணொன்றைத் தொடலாம், அது எந்த மண்டபத்தைத் தாங்கியது என்பதைத் தொட்டறிய இயலாது. கிளார்க் இவ்விரண்டையும் தாமே இணைத்துக் காட்டினார் என்பது இங்கு வாதமன்று. எனினும், சுவாமி மலையடியில் நீந்தியவரின் கைகளே இராமாவின் இருண்ட படிகளில் நோர்ட்டனை இறக்கின எனக் கொள்வதில் தவறில்லை. ஹியூகோ, நெபியூலா ஆகிய இரு விருதுகளும் அந்நாவலுக்குக் கிடைத்தன. பாத்திர வார்ப்பில் அது வறியது என்ற குறையும் அன்றே கூறப்பட்டது, அக்குறை நியாயமானதே.

எதிர்காலத்துப் பந்தயங்களிலும் கிளார்க்கிற்கு நாட்டம் இருந்தது. இராமாவினுள் உறைந்த கடல் உருகியபின் அதனைக் கடக்க வழியின்றிக் குழு திகைத்தபோது, ஜிம்மி பாக் என்ற இளைஞன் தான் மறைத்துக் கொண்டுவந்த மிதிவான்வண்டியை வெளியே எடுக்கின்றான். சந்திரனில் நிகழும் ஒலிம்பிக் பந்தயத்திற்கென அவன் வைத்திருந்த வண்டி அது. 1964இல் வெளிவந்த சிறுகதை ஒன்றிலோ சூரிய ஒளியின் அழுத்தத்தாற் செல்லும் பாய்க்கலங்கள் பூமியிலிருந்து சந்திரனை நோக்கிப் போட்டியிடுகின்றன. சூரியக் கொந்தளிப்பால் அப்பந்தயம் இடையிற் கைவிடப்படுகின்றது. வென்றவர் இல்லை. ஓட்டுநர் இறங்கிக்கொள்ள, ஆளற்ற கலம் விண்மீன்களை நோக்கிச் செல்கின்றது. கதை அவ்விடத்தே நிற்கின்றது. அதற்குமேல் என்ன வேண்டும்?

‘இராமா II’ 1989இல் வெளிவந்தது. உடன் எழுதியவர் ஜென்றி லீ என்னும் அமெரிக்க விண்வெளிப் பொறியியலாளர். முதல் நூலின் இறுதி வாக்கியம் இராமர்கள் மும்மூன்றாகவே செயற்படுவர் என்ற குறிப்போடு முடிந்ததனால், தொடர்ச்சி திட்டமிடப்பட்டது எனப் பலர் நம்பினர். அவ்வாக்கியம் பின்னர் எழுந்த எண்ணமே, தொடர்ச்சி எழுதும் நோக்கம் தமக்கு அப்போது இருக்கவில்லை என்று கிளார்க் பின்னாளில் விளக்கினார். புதிய நூலில் இரண்டாவது உருளை வருகின்றது, பன்னிருவர் செல்கின்றனர். ஆயின் இராமாவுள் நுழையுமுன்னரே பூமியின் பொருளாதார வீழ்ச்சி, குழுவினரின் காதல், பொறாமை, சூழ்ச்சி என்பன பக்கங்களை நிறைத்துவிடுகின்றன. லீயின் சார்பில் ஒன்று கூறவேண்டும்: நிக்கோல் டி ஜார்டன் என்ற மருத்துவப் பெண், நோர்ட்டனைக் காட்டிலும் உயிருள்ள மனிதராக இருக்கின்றார். முதல் நூலுக்குக் கூறப்பட்ட குறையை நீக்கவே அவர் முயன்றார். அவ்வாறு நீக்கும்போது, முதல் நூலில் வாசகன் நடந்த இருளும் உடன் நீங்கிவிட்டது. 1991இலும் 1993இலும் வந்த அடுத்த இரு நூல்கள் கேள்விகளுக்கெல்லாம் விடையளித்தன.

தொடர்ச்சி எல்லாம் இவ்வாறே சரியும் என்பதற்கில்லை. லிவர்பூலின் சைக்னோசிஸ் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ‘வைப்அவுட்’ என்னும் எதிர்கால வாகனப் பந்தய விளையாட்டு இதற்குச் சான்று. முதல் ஆட்டத்திற் சுவரில் மோதிய கலம் ஏறக்குறைய நின்றுவிடும்; 1996இல் வந்த ‘வைப்அவுட் 2097’ அதனைத் தளர்த்தி, வேகத்தைக் கூட்டியது. பலர் இரண்டாவதையே சிறந்ததென்பர். பந்தயத்திற்கு வேகமே பொருள், அதனைக் கூட்டலாம். ஆனால் 2002இன் ‘வைப்அவுட் ஃபியூஷன்’ பாதைகளை அகலமாக்கி, கலத்தின் இயல்பை மாற்றி, முதல் ஆட்டங்களுக்குத் தனித்த தோற்றமளித்த டிசைனர்ஸ் ரிபப்ளிக் என்ற ஓவியக் குழுவினரின் கைவண்ணமும் இன்றி வெளிவந்தபோது, பழைய ஆட்டக்காரர் மனங்கசந்தனர். கூட்டத்தக்கதைக் கூட்டிய இடத்தில் வெற்றியும், தொடக்கூடாததைத் தொட்ட இடத்திற் சரிவும் நேர்ந்தன. இராமாவிற் கூட்டத்தக்கது யாது? அறியாமையைக் கூட்டவியலாது, குறைக்கவே முடியும்.

இராமாவும் திரைக்கு வந்தது. 1984இல் எழுத்துவழி ஆடும் விளையாட்டொன்று வெளியாயிற்று. 1996இல் டைனமிக்ஸ் உருவாக்க, சியாரா வெளியிட்ட ‘இராமா’ அதனினும் பெரியது. அது முதல் நூலின் வியப்பைக் காட்சியாகவும், இரண்டாம் நூலின் மாந்தரைக் கதையாகவும் எடுத்துக்கொண்டது. எட்டையும் பதினாறையும் அடியாகக் கொண்ட எண்முறைக் கணக்குகளை ஆட்டக்காரர் தீர்த்தே முன்னேற வேண்டும். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு விடை உண்டு. விடை கிடைத்ததும் கதவு திறக்கின்றது. கொழும்பிலே சக்கர நாற்காலியில் வாழ்ந்த முதியவராகிய கிளார்க்கே திரையில் தோன்றி ஆட்டக்காரரை நோக்கிப் பேசுகின்றார். 1973இன் நோர்ட்டனுக்கு அவ்வாறு பேசுவார் எவரும் இருக்கவில்லை.