மாத்தளைப் பாதையில் தவளம் மாடுகள்

பாலைவனத்து ஏழைக்கு ஒட்டகம் எப்படியோ, கண்டி இராச்சியத்து முஸ்லிமுக்குப் பொதிமாடு அப்படி. நம்மவர் வரலாறு என்றதும் துறைமுகமும் மரக்கலமும் மாணிக்கமும்தான் முதலில் நினைவுக்கு வரும். மலைநாட்டில் மாட்டின் பின்னால் நடந்து பிள்ளைகுட்டிகளைக் காப்பாற்றியவர்களை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

கண்டி அரசர்கள் பாதைகளை அகலமாக்க விடவில்லை. அடர்ந்த காடும் ஒடுங்கிய வழியும்தான் அவர்களுக்கு அரண். வண்டி போக முடியாத அந்த வழியில் சரக்குச் சுமக்க மாடுதான் வேணும். முதுகின் இருபுறமும் மூட்டை தொங்க, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் அந்தக் கூட்டத்துக்குத் தவளம் என்று பேர். புத்தளம், கொட்டியாரம் பக்கமிருந்து உப்பும் கருவாடும் மேலே ஏறின. பாக்கும் மிளகும் கீழே இறங்கின. திருகோணமலைக்குப் போகிறவர்களுக்கு மாத்தளை, நாலந்த, தம்புள்ளை வழி.

இந்தப் போக்குவரத்தை நடத்த அரசனிடம் ‘மடிகே பத்த’ என்றொரு பகுதியே இருந்தது. முஸ்லிம்கள் பலர் அதில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அரசனின் சரக்கைச் சுமப்பது இராசகாரியம்; அதற்கு ஈடாகக் காணியை அனுபவிக்கும் உரிமை கிடைத்தது. மிச்ச நாட்களில் சொந்த வியாபாரம். 1766 உடன்படிக்கையோடு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானது. அதற்குப் பிறகு மலைநாட்டு வீடுகளில் உலையில் விழுந்த ஒவ்வொரு பிடி உப்புக்கும் இவர்கள் உழைப்பின் அருமை கூடியது.

1815இல் இராச்சியம் வீழ்ந்தது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கோப்பித் தோட்டங்களுக்காகப் பாதைகள் அகலமாயின, மாட்டுவண்டி வந்தது. 1880இல் மாத்தளைக்கு ரயிலும் வந்து சேர்ந்தது. நாட்டுக்கு அது நன்மைதான். ஆனால் நாலைந்து மாடே சொத்தாக இருந்த குடும்பத்துக்கு அதோடு பிழைப்பு போச்சு.

‘நீங்க வியாபாரத்துக்கு வந்தவங்கதானே’ என்று இன்றும் யாராவது கேட்டால், மடிகேயைப் பற்றிச் சொல்லலாம். அரசனின் சேவையில், அவன் தந்த காணியில், சிங்கள அயலவரோடு வேரூன்றியவர்கள் அவர்கள். கலகெதரையில் மடிகே என்ற ஊரும், கொத்மலைப் பக்கம் தவலந்தென்னவும் அந்த நினைவை இன்னும் பேரில் சுமக்கின்றன.

எங்கட வீடுகளிலும் அது கொஞ்சம் மிச்சம் இருக்கும். வயதான அப்பாமாரிடம், மூத்தம்மாமாரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்க: தவளம் போன கதை தெரியுமா? பழைய காணி உறுதிகளையும் எடுத்து வாசியுங்க. அவர்கள் இருக்கும்போதே எழுதி வைப்பது நம் கடமை.